அமைப்பு காப்பாற்றவில்லை

அமெரிக்காவின் 2020 அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்கள் ஒரு தீர்ப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். தோற்றுப்போன டொனால்ட் டிரம்ப் முடிவைக் கவிழ்க்கப் பார்த்தார். நீதிமன்றம் விடவில்லை, மாகாணங்கள் விடவில்லை, துணை அதிபரும் விடவில்லை. 2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடன் பதவியேற்றார். ஆகவே அமைப்பு தாங்கிவிட்டது. தலையங்கம் எழுதுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் உட்காருகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் இதைச் சொல்பவர்கள் கூடவே ஒரு பெருமூச்சும் விடுவார்கள்: அங்கேயெல்லாம் சட்டம் வேலை செய்கிறது, பாருங்கள்.

இந்தத் தீர்ப்புக்குத் துணையாக ஒரு கேலியும் உண்டு. டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, ஃபிலடெல்ஃபியாவில் தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் வாசலில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். இன்னொரு கூட்டத்தில் அவர் கன்னத்தில் கறுப்புச் சாயம் வழிந்தது. இப்படிப்பட்டவர்களா ஒரு வல்லரசின் தேர்தலைத் திருடப்போகிறார்கள் என்று உலகமே சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அமைப்பு தாங்கியது என்ற தீர்ப்பு தவறு. தாங்கியவர்கள் சில தனிமனிதர்கள். அவர்களில் பெரும்பாலோர் டிரம்ப்பின் கட்சிக்காரர்கள், பலர் அவருக்கே வாக்களித்தவர்கள். அந்த நேரத்தில் அமைப்பு அவர்களைத் தனியே விட்டது, பிறகு அவர்களைத் தண்டித்தது, கடைசியில் குற்றம் செய்தவர்களை விடுவித்தது. இதற்குப் பெயர் தாங்கியது என்றால், விழுவது என்றால் என்ன?

முதலில் மறுக்க முடியாததை ஒப்புக்கொள்வோம். தேர்தலை எதிர்த்து டிரம்ப் தரப்பு தொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் முடிவை மாற்றும் ஒன்றுகூட நிற்கவில்லை. அவற்றைத் தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்ப்பே நியமித்தவர்களும் உண்டு. நான்கு மாகாணங்களின் முடிவைச் செல்லாததாக்கக் கேட்டு டெக்சாஸ் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 11 அன்று ஏற்க மறுத்தது. நீதிமன்றங்கள் அந்த இரண்டு மாதத்தில் நேர்மையாக நடந்துகொண்டன. இதில் சந்தேகமில்லை.

ஆனால் நீதிமன்றம் தன் முன்னால் வந்த மனுவுக்குத்தான் பதில் சொல்ல முடியும். முடிவைக் கவிழ்க்கும் திட்டத்தின் உயிர் நீதிமன்றத்தில் இல்லை. வழக்கில் வெல்வது அவர்களுக்குத் தேவையே இல்லை; குழப்பமும் காலதாமதமும் போதும். அமெரிக்க முறையில் ஒவ்வொரு மாகாணமும் முடிவுக்குச் சான்றளிக்க வேண்டும், அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் கூடி வாக்களிக்க வேண்டும், ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் கூடி அந்த வாக்குகளை எண்ண வேண்டும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியில் சான்று வராமல் போனாலோ, இரண்டு சான்றுகள் வந்தாலோ, விவகாரம் அரசியல்வாதிகள் கைக்குப் போய்விடும். அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள். நாடு முழுவதும் பைடனுக்கு 8.1 கோடிக்கு மேல், டிரம்ப்புக்கு 7.4 கோடிக்கு மேல். வித்தியாசம் 70 லட்சம். பெரிய வெற்றிதான். ஆனால் ஜார்ஜியாவில் வித்தியாசம் 11,779. அரிசோனாவில் 10,457. விஸ்கான்சினில் 20,682. மூன்றையும் கூட்டினால் 43 ஆயிரத்தைத் தொடவில்லை. இந்த மூன்று மாகாணங்கள் மட்டும் கைமாறியிருந்தால் தேர்வாளர் கணக்கு 269-க்கு 269. அப்போது அதிபரைத் தேர்ந்தெடுப்பது பிரதிநிதிகள் சபை, அதுவும் மாகாணத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில். அந்தக் கணக்கில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது. கோமாளிகளின் கணக்கு என்று சிரித்தோமே, அந்தக் கணக்கில் பிழை இல்லை.

இனி, தாங்கிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிச்சிகனில் முடிவுக்குச் சான்றளிக்கும் குழுவில் நான்கே பேர், கட்சிக்கு இரண்டு. நவம்பர் 23 அன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். இன்னொருவர் ஆரன் வான் லாங்கவெல்ட் என்ற வழக்கறிஞர். எண்ணிக்கையைப் பார்த்துச் சான்றளிப்பதைத் தவிர வேறு அதிகாரத்தைச் சட்டம் எங்களுக்குத் தரவில்லை என்று சொல்லி அவர் ஆதரித்து வாக்களித்தார். மூன்றுக்குப் பூஜ்யம். அவரும் ஒதுங்கியிருந்தால் அன்று சான்று இல்லை. நீதிமன்றம் தலையிட்டுச் சரிசெய்திருக்கும் என்பார்கள். செய்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே மிச்சிகன் சட்டமன்றத்தின் இரு சபைத் தலைவர்களையும் டிரம்ப் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசியாயிற்று. அன்றைய ஓர் ஒதுங்கல் அவர்கள் முன்னால் ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கும்.

அரிசோனா சட்டமன்றத்தின் கீழ்ச்சபைத் தலைவர் ரஸ்டி பவர்ஸை டிரம்ப்பும் ஜூலியானியும் தொலைபேசியில் அழைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தேர்வாளர்களை மாற்றச் சட்டமன்றத்தைக் கூட்டச் சொன்னார்கள். அவர் ஆதாரம் கேட்டார்; வரவில்லை; மறுத்துவிட்டார். ஜார்ஜியாவில் ஏறக்குறைய 50 லட்சம் வாக்குச் சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்த பிறகும், 2021 ஜனவரி 2 அன்று, தேர்தலுக்குப் பொறுப்பான அம்மாகாணச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரை டிரம்ப் அழைத்தார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். தோற்ற வித்தியாசத்தைவிட ஒன்று கூட. ஒலிப்பதிவு ஊருக்கே தெரியும்.

மறுநாள், ஜனவரி 3. ஜார்ஜியா தேர்தலில் சந்தேகம் இருப்பதாக மத்திய அரசின் நீதித் துறையின் பெயரில் ஒரு கடிதம் அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தார் ஜெஃப்ரி கிளார்க் என்ற அதிகாரி. அவரைத் தற்காலிக அட்டர்னி ஜெனரலாக்கிவிடலாமா என்று டிரம்ப் யோசித்தார். அப்படி நடந்தால் உயர் அதிகாரிகள் கூண்டோடு ராஜினாமா செய்வார்கள் என்று அப்போது அந்தப் பதவியில் இருந்த ஜெஃப்ரி ரோசனும் அவருடைய துணை ரிச்சர்ட் டோனஹியூவும் முகத்துக்கு நேரே சொன்ன பிறகே அவர் பின்வாங்கினார். கடைசியாகத் துணை அதிபர் மைக் பென்ஸ். எண்ணிக்கைக்குத் தலைமை தாங்குகிறவர் சில மாகாணங்களின் வாக்குகளை ஒதுக்கிவைக்கலாம் என்று ஜான் ஈஸ்ட்மன் என்ற வழக்கறிஞர் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பென்ஸ் ஒப்பவில்லை. நான்கு ஆண்டுகள் டிரம்ப் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் அந்த ஒரு நாள் ஆட்டவில்லை.

இந்தப் பட்டியலில் அமைப்பு எங்கே இருக்கிறது? எந்த இடத்திலும் சட்டம் தானாகக் குறுக்கே வந்து நிற்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் வேறொன்று நடந்திருக்கக்கூடும். ரோசன் உட்கார்ந்த நாற்காலிக்குக் கிளார்க் வெளியே காத்துக்கொண்டிருந்தார் என்பதே அதற்குச் சாட்சி.

அமைப்பு அமைப்பாகச் செயல்பட்ட இடங்கள் வேறு. அவற்றையும் பார்ப்போம். டெக்சாஸ் வழக்கை வேறு 17 மாகாணங்களின் அட்டர்னி ஜெனரல்கள் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபையின் 126 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அதை ஆதரிக்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஏழு மாகாணங்களில் தோற்ற தரப்பின் ஆட்கள் கூடி, நாங்களே தேர்வாளர்கள் என்று போட்டிச் சான்றிதழ் தயாரித்தார்கள். ஜனவரி 6 அன்று டிரம்ப்பின் ஆதரவாளர்கள் கூட்டமாகப் புகுந்ததில் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் கண்ணாடிகள் உடைந்து, சுமார் 140 காவலர்கள் காயமடைந்து, கூட்டம் விரட்டப்பட்ட பிறகு, அதே இரவில், அதே கட்டடத்தில், 147 உறுப்பினர்கள் ஏதேனும் ஒரு மாகாணத்தின் வாக்குகளை ஏற்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். ஒன்றிரண்டு கிறுக்கர்களின் வேலை என்று இதை ஒதுக்க முடியுமா? கட்சி, சபை, மாகாண அரசு என்ற பெயர்களில் அமைப்பு பேசியபோது இப்படித்தான் பேசியது. மறுத்துப் பேசியவர்கள் தனி ஆட்கள்.

இங்கே சில எதிர்வாதங்கள் வழக்கமாக வரும்.

ஒன்று, அது ஒரு நாள் கலவரம், ஒரு கூட்டத்தின் வெறி. அதற்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்பது. மேலே சொன்ன தேதிகளை மறுபடி பாருங்கள். மிச்சிகன் நவம்பரில். போட்டிச் சான்றிதழ்கள் டிசம்பர் 14-இல். ஜார்ஜியா தொலைபேசி ஜனவரி 2-இல். கூட்டம் வந்தது எல்லாம் தோற்ற பிறகு, கடைசியாக. கலவரமே நடக்காமல் இருந்திருந்தாலும் முடிவைக் கவிழ்க்கும் முயற்சி முழுமையாக நடந்திருக்கும். கலவரத்தின் படங்கள் நம் கண்ணை நிறைத்துவிட்டதால், கோட்டு சூட்டு போட்டவர்கள் காகிதத்தில் செய்தது மறைந்துபோனது.

இரண்டு, ஏமாற்றப்பட்டதாக அவர் உண்மையிலேயே நம்பினார் என்பது. தேர்தல் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி கிறிஸ் கிரெப்ஸ், தேர்தல் பாதுகாப்பாக நடந்தது என்றார். நவம்பர் 17 அன்று பதவி பறிபோனது. முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாரே டிசம்பர் 1 அன்று சொன்னார். மாதம் முடிவதற்குள் அவரும் பதவியில் இல்லை. உண்மையைச் சொன்னவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, தனக்கு யாரும் சொல்லவில்லை என்று ஒருவர் சொல்ல முடியாது. அவர் மனதார நம்பினார் என்றே வைத்துக்கொள்வோம். நம்பிக்கை வழக்குப் போடும் உரிமையைத் தரும். போலிச் சான்றிதழ் தயாரிக்கும் உரிமையைத் தராது.

மூன்று, மற்றக் கட்சியும் இதைச் செய்ததே என்பது. 2001, 2005, 2017 ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சியினர் சிலர் எண்ணிக்கையின்போது ஆட்சேபம் எழுப்பினார்கள். உண்மை. அது மலிவான நாடகம். அதை ஆதரிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்த மூன்று முறையும் தோற்ற வேட்பாளர் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தார். 2000 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோரின் வழக்கை முடித்தது. மறுநாள் அவர் ஒதுங்கினார். ஜனவரியில் துணை அதிபராக இருந்து தன் கட்சிக்காரர்களின் ஆட்சேபங்களைத் தானே நிராகரித்தார். ஆட்சி அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீதித் துறையையும் மாகாண அதிகாரிகளையும் வளைத்து, தோற்றவரே நாற்காலியில் நீடிக்கப் பார்த்தது 2020-இல்தான். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலை ஆகாது, சோம்பல்.

அமைப்பு தாங்கியது என்போர் ஜனவரி 20-உடன் கதையை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதற்குப் பிந்திய பகுதிதான் முக்கியம். ஓர் அமைப்பின் பலம் முதல் முயற்சி தோற்றதில் தெரியாது. இரண்டாவது முயற்சியை அது எவ்வளவு கடினமாக்கியது என்பதில் தெரியும்.

2021 பிப்ரவரி 13 அன்று செனட்டில் நடந்த பதவி நீக்க விசாரணையில் டிரம்ப்பைக் குற்றவாளி என்றவர்கள் 57 பேர், இல்லை என்றவர்கள் 43 பேர். மூன்றில் இரண்டு பங்கு வராததால் தப்பினார். இல்லை என்று வாக்களித்த, செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல், அடுத்த சில நிமிடங்களில் எழுந்து, நடந்ததற்கு டிரம்ப்தான் பொறுப்பு என்று பேசினார். பதவி விட்டுப் போனவரைத் தண்டிக்கும் இடம் செனட் அல்ல, அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன என்றார். சரி, நீதிமன்றம் போனார்கள். கிளர்ச்சியில் ஈடுபட்டவர் பதவிக்கு வரக் கூடாது என்ற அரசியல் சாசனப் பிரிவைக் காட்டிக் கொலராடோ நீதிமன்றம் வாக்குச்சீட்டிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அதைச் செய்ய மாகாணங்களுக்கு அதிகாரமில்லை, நாடாளுமன்றம்தான் வழிசெய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் 2023 ஆகஸ்ட்டில் குற்றவியல் வழக்குப் போட்டார். 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்றது. நீதித் துறை அதிகாரிகளுடன் அதிபர் பேசியது எதுவானாலும் அதற்கு முழுப் பாதுகாப்பு என்றது. ஜனவரி 3 கூட்டம் அப்படியே குற்றப்பத்திரிகையிலிருந்து விழுந்தது. நவம்பரில் டிரம்ப் தேர்தலில் வென்றார், பதவியில் இருப்பவர் மீது வழக்கு நடத்துவதில்லை என்பது நீதித் துறையின் கொள்கை, வழக்கு முடிந்தது.

செனட் நீதிமன்றத்தைக் காட்டியது. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் காட்டியது. எல்லோருமாகச் சேர்ந்து வாக்காளரைக் காட்டினார்கள். நான்கு ஆண்டுகளில் ஒரு வாசலில்கூட இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

அதே நேரத்தில், தாங்கி நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று? வான் லாங்கவெல்டைக் கட்சி மறுபடி பரிந்துரைக்கவில்லை. பவர்ஸ் 2022 உட்கட்சித் தேர்தலில் தோற்றார். பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்த பத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அடுத்த சபைக்குத் திரும்பியவர்கள் இரண்டே பேர். ராஃபன்ஸ்பெர்கர் 2022-இல் வென்றார், அது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஜார்ஜியா சட்டமன்றம் மாகாணத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து செயலரை நீக்கிச் சட்டம் போட்டுவிட்டது. கிரெப்ஸ் மீது விசாரணை நடத்த 2025 ஏப்ரலில் டிரம்ப் உத்தரவிட்டார். மறுபக்கம், ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளிலேயே, மன்னிப்பு கிடைத்தது. திருடன் உள்ளே வராமல் தடுத்த காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டுப் பூட்டு பலமானது என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தை என்னவென்று சொல்வது?

2022 டிசம்பரில் எண்ணிக்கைச் சட்டத்தைத் திருத்தினார்களே என்று கேட்கலாம். நல்ல திருத்தம்தான். துணை அதிபரின் வேலை சடங்கு மட்டுமே என்று தெளிவாக்கினார்கள். சபைக்கு ஒருவர் ஆட்சேபித்தால் போதும் என்றிருந்ததை ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்று உயர்த்தினார்கள். ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் இறுக்கியது. அதிகாரியைத் தொலைபேசியில் மிரட்டும் அதிபருக்கும், நீதித் துறையில் ஆளை மாற்றும் அதிபருக்கும் இன்று 2020-இல் இருந்ததைவிடப் பாதுகாப்பு அதிகம். அடுத்த முறை முயல்கிறவர் ரோசன்களையும் பென்ஸ்களையும் நியமிக்கும் தவறைச் செய்ய மாட்டார்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரேசிலைப் பாருங்கள். 2022 அக்டோபர் 30 அன்று அதிபர் தேர்தலில் லூலா 50.9 சதவீதம் பெற்று வென்றார். அதிபராக இருந்து தோற்ற ஜயீர் போல்சனாரோவின் கட்சி, பழைய வாக்குப்பதிவு இயந்திரங்களில் பதிவானவற்றை ரத்துசெய்யக் கேட்டது. தேர்தல் நீதிமன்றத் தலைவர் அலெசாண்ட்ரே டி மொராயெஸ் மனுவைத் தள்ளியதோடு 2 கோடியே 29 லட்சம் ரெயால் அபராதமும் போட்டார். 2023 ஜனவரி 8 அன்று கூட்டம் தலைநகரில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அதிபர் மாளிகையையும் சூறையாடியது. ஆறு மாதத்துக்குள், ஜூன் 30 அன்று, போல்சனாரோ 2030 வரை தேர்தலில் நிற்கத் தகுதியிழந்தார். 2025 செப்டம்பரில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்காக 27 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை. உடன் தண்டிக்கப்பட்டவர்களில் ராணுவ ஜெனரல்களும் கடற்படையின் முன்னாள் தளபதியும் உண்டு.

பிரேசிலிலும் காப்பாற்றியவர்கள் சில தனிமனிதர்களே. தரைப்படை, விமானப்படைத் தளபதிகள் உடன்படவில்லை என்பதால்தான் திட்டம் நின்றது. மொராயெஸ் கையில் அதிகாரம் குவிந்ததும், சதியின் இலக்காக இருந்தவரே விசாரித்ததும் நியாயமான கேள்விகளை எழுப்புகின்றன. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் தண்டனையை எதிர்த்தார். இவ்வளவு குறைகளோடும் அந்த நாடு ஒன்றைச் செய்தது: முயற்சிக்கு விலை வைத்தது. 1964-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்துக்கு 1979-இல் பொதுமன்னிப்புக் கொடுத்து, யாரையும் கூண்டில் ஏற்றாமல் விட்ட நாடு அது. விட்டதன் பலனை அனுபவித்தவர்கள் இம்முறை விடவில்லை. இந்த வழக்கைக் காரணம் காட்டி பிரேசில் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டவர் டிரம்ப்தான். இரண்டு நாடுகளின் வேறுபாடு யாரைச் சுட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடைசி எதிர்வாதம் ஒன்று மிச்சம்: 2024-இல் மக்களே டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், மக்கள் தீர்ப்புக்கு மேல் என்ன இருக்கிறது? அடுத்த ஆட்சி யாருடையது என்பதில் மக்கள் தீர்ப்பே இறுதி. அவர் நியாயமாக வென்றார். அதே இயந்திரங்கள், அதே தபால் வாக்குகள். இம்முறை முடிவை அவர் எதிர்க்கவில்லை. 2025 ஜனவரி 6 அன்று, தோற்ற வேட்பாளரான கமலா ஹாரிஸ், துணை அதிபராக அமர்ந்து தன் தோல்வியைத் தானே வாசித்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டு முன்பு பென்ஸிடம் கேட்டதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் விலைவாசிக்கும் குடியேற்றத்துக்கும் விழுந்த வாக்கைக் குற்றத்திலிருந்து விடுதலை என்று எண்ணுவது எந்தச் சட்டம்? தேர்தலைக் கவிழ்க்க முயன்ற குற்றத்தை அடுத்த தேர்தலில் வென்று அழித்துவிடலாம் என்றால், அந்தக் குற்றத்துக்குத் தண்டனையே இல்லை என்று பொருள். வென்றால் ஆட்சி, தோற்றால் கவிழ்க்கப் பார், அதுவும் தோற்றால் நான்கு ஆண்டு காத்திரு. ஆசை உள்ள எவருக்கும் இழக்க ஒன்றுமில்லாத ஆட்டம் இது.

அமைப்பு தாங்கியது என்று சொல்கிறவர்கள் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை. நிம்மதிக்காகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நிம்மதி, மறுத்து நின்றவர்களின் துணிச்சலை அமைப்பின் கணக்கில் வரவு வைக்கிறது. அமைப்பு செய்யத் தவறியதைக் கணக்கிலேயே காட்டாமல் விடுகிறது. 2020-இன் தோல்வியைக் கவிழ்க்கும் முயற்சி 2021 ஜனவரியில் தோற்றது. அந்த முயற்சியைக் குற்றம் என்று நிறுவும் முயற்சி 2024-இல் தோற்றது. இரண்டாவது தோல்வியைச் சேர்க்காமல் முதலாவதைக் கொண்டாடுகிறவர்களின் தீர்ப்பை இனி ஏற்காதீர்கள்.